நெடுந்தீவுப் படகில் ஏறப்போகிற லப்டொப்

பக்கத்து வீட்டு ரீச்சருக்கு நெடுந்தீவுக்கு மாற்றம் வந்தது. திங்கள் விடியக் குறிகட்டுவானுக்குப் போய்ப் படகு ஏறினால் வெள்ளி பின்னேரம்தான் கொக்குவிலுக்குத் திரும்புவார். மாற்றம் வந்த அதே கிழமை படலையைத் திறந்துகொண்டு வந்து கேட்டார்: "தம்பி, கொண்டு திரியிறதுக்கு நல்ல லப்டொப் ஒண்டு சொல்லுங்கோ. இப்ப இருக்கிறதைப் போட்டுவிட்டால் தேத்தண்ணி குடிச்சு முடியத்தான் எழும்புது."

"பழையதை ஒருக்காக் கொண்டு வாங்கோ ரீச்சர், பாப்பம்" என்றேன்.

எனக்கு இது புதிய கேள்வி இல்லை. மாதத்தில் இரண்டு தரமாவது இரவு பஸ்ஸில் லப்டொப்போடு கொழும்புக்குப் போய் வருகிறவன் நான். அதனாலோ என்னவோ, எங்கள் ஒழுங்கையில் யாருடைய கணினி படுத்தாலும் என்னிடம்தான் வருகிறார்கள். பார்த்தவரையில், புதியது வாங்கப் புறப்படுகிற பலருக்குப் பழையதில் பழுது ஒரேயொரு பாகத்தில்தான். அதை மாற்றினால் போதும். உண்மையிலேயே புதியது தேவைப்படுகிறவர்களோ புரொசசரின் பெயரை மட்டும் கேட்டு வாங்கிவிட்டு, பிறகு பயணத்தில் சார்ஜரோடும் பாரத்தோடும் மல்லுக்கட்டுகிறார்கள். ரீச்சருக்குச் சொன்ன அதே ஒழுங்கில் எழுதுகிறேன்: முதலில் பழையது, பிறகு கடை, கடைசியில் பயணப் பை.

பழையது ஏன் இழுக்கிறது?

கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் சிபியு (அதாவது புரொசசர்), மெமரி, டிஸ்க் என்று நிரல்கள் இருக்கும். கணினியைப் போட்டு ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் விட்டுவிட்டு இந்த மூன்றையும் பாருங்கள்.

டிஸ்க் நிரல் 100 சதவீதத்திலேயே நின்றால், அனேகமாக உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க். அதே டாஸ்க் மனேஜரில் பெர்ஃபோமன்ஸ் பக்கத்துக்குப் போனால் ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா (சுழலும் தட்டில்லாமல் சிப்பில் தகவல் வைப்பது) என்று எழுதியே இருக்கும். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தட்டுச் சுழல, அதன் மேல் ஒரு முனை அங்குமிங்கும் ஓடித் தகவலை எடுக்கிறது. விண்டோஸ் எழும்பும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் முனை ஓட வேண்டும். எஸ்எஸ்டியில் ஓடுவதற்கு ஒன்றுமே இல்லை. பெரிய கோப்பொன்றைப் படிக்க ஹார்ட் டிஸ்க் நொடிக்கு ஏறக்குறைய 100 எம்பி என்றால் சாதாரண சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க் செருகும் அதே இணைப்பில் போடுவது) 500க்கு மேல். சின்னக் கோப்புகளில் வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு. ரீச்சரின் தேத்தண்ணிக் கதைக்குக் காரணம் இதுதான்.

பழைய லப்டொப்பில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அதே இடத்தில் இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டியைப் போடலாம். யாழ்ப்பாண நகரில் இதைச் செய்துதரக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு விடயத்தை மட்டும் நீங்களே செய்யுங்கள்: கடைக்குக் கொடுக்கும் முன் கோப்புகளை வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். நான் முதல்முறை இதைச் செய்தபோது, பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்குப் பிரதி எடுக்கும் மென்பொருள் எதிலிருந்து எதற்கு என்று கேட்ட இடத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டேன். வெறும் எஸ்எஸ்டியின் வெறுமை முழுவதும் பழைய டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்று வருடப் படங்கள். குற்றம் சொல்ல வேறு ஆளும் இல்லை.

மெமரி நிரல் பிரவுசர் மட்டும் திறந்திருக்கும்போதே 85, 90 என்று நின்றால் ரேம் போதவில்லை. 4 ஜிபி இருந்தால் 8 ஆக்குங்கள். சிபியு நிரல் ஓயாமல் ஏறி நின்றால் எந்த மென்பொருள் என்று பெயரைப் பாருங்கள். பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்டோ வைரஸ் ஸ்கேனோதான், அரை மணித்தியாலத்தில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஸ்டார்ட்அப் பக்கத்துக்குப் போய், கணினியோடு சேர்ந்து எழும்புகிற தேவையற்றவற்றை நிறுத்துங்கள். நீங்கள் ஒருபோதும் திறக்காத ஐந்தாறு மென்பொருளாவது அங்கே குந்திக்கொண்டிருக்கும்.

காசு போட முன் இன்னொரு கணக்கு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட இன்டெல் என்றால் ஏறக்குறைய 8ஆம் தலைமுறையிலிருந்து வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பாகமும் வேண்டும். தலைமுறையை அறிவது எளிது. ஐ5 என்பதற்குப் பிறகு வரும் எண் 8250 என்றால் 8ஆம் தலைமுறை, 7200 என்றால் 7ஆம் தலைமுறை, 10210 என்றால் 10ஆம் தலைமுறை. ரீச்சருடையது 7200. அதற்கு எஸ்எஸ்டி போட்டு, மகன் வீட்டிலிருந்து படிக்க வைத்திருக்கலாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் இன்னும் சில வருடம் ஓடும். ஆனால் வேலைக்குக் கொண்டு திரிய அதை நம்ப வேண்டாம் என்றேன். தவிர, சார்ஜரோடு சேர்த்து அது இரண்டரைக் கிலோவுக்கு மேல். படகில் ஏறி இறங்க அது தோதுப்படாது.

சூடு, தூசி, உப்பு

எங்கள் ஊரில் சோளகம் வீசத் தொடங்கினால் வீட்டுக்குள் எல்லாவற்றிலும் மண். லப்டொப்பின் விசிறி அந்த மண்ணைத்தான் உறிஞ்சுகிறது. தூசி அடைத்தால் சூடு வெளியேறாது. சிபியு 95, 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாக ஓடிய கணினி மத்தியானம் ஊர்ந்தால், விசிறியும் சீறினால், முதலில் தூசியைச் சந்தேகியுங்கள். சோளகம் ஓய்ந்த பிறகு வருடத்துக்கு ஒருமுறை திறந்து துடைப்பிப்பது நல்லது. நீங்களே காற்றடிப்பதென்றால் விசிறி இலையை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு அடியுங்கள். கட்டுக்கடங்காமல் சுழன்றால் அச்சுப் பழுதாகும். கட்டில் மெத்தையில் வைத்து வேலை செய்வதை விடுங்கள், காற்று எடுக்கும் துவாரங்கள் பெரும்பாலும் அடியில்தான் இருக்கும்.

தீவுப் பக்கம் போகிறவர்களுக்கு உப்புக் காற்று தனிப் பிரச்சினை. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரமும் மின்சாரமும் சேர்ந்து செப்பை அரிக்கும். வேலை முடிந்ததும் பைக்குள் வையுங்கள், பைக்குள் இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொதி போடுங்கள். சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிறதே, அதுதான். யன்னலோரம் திறந்தபடி விட்டுவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள்.

தண்ணீரோ தேநீரோ ஊற்றுப்பட்டால் பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து உடனே நிறுத்துங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள். விரித்து, கூடாரம்போலக் கவிழ்த்து வையுங்கள். "வேலை செய்யுதோ?" என்று போட்டுப் பார்ப்பதுதான் அனேக லப்டொப்புகளைக் கொல்கிறது. அரிசிப் பானைக்குள் புதைப்பதால் பயன் இல்லை, வெயிலில் காயவைப்பதால் கேடுதான். திறந்து துடைக்கத் தெரிந்தவரிடம் அன்றைக்கே கொடுங்கள். கடல் தண்ணீரும் சீனி போட்ட தேநீரும் வெறும் தண்ணீரைவிட மோசம்.

கரண்டும் சார்ஜரும்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலத்தில்தான் பற்றரியின் அருமை எனக்கு விளங்கியது. இப்போது அந்தளவு இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் தொடங்கிவிட்டால் நான் பிளக்கைக் கழற்றிவிடுவேன். ரவுட்டரில் வந்து சேரும் தொலைபேசி வயரையும் சேர்த்துத்தான். பலர் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த வயரை மறந்துவிடுகிறார்கள், மின்னல் அந்த வழியாலும் வரும்.

சார்ஜ் ஏறவில்லை என்றால் லப்டொப்பைத் திறக்க முன் வேறொரு பிளக்கில் போட்டுப் பாருங்கள், பிறகு வேறொரு சார்ஜரால் பாருங்கள். இரவல் சார்ஜர் எடுக்கும்போது அதன் முதுகில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 19.5 வோல்ட், 3.34 அம்பியர் என்றால் இரண்டையும் பெருக்க 65 வாட். வோல்ட் ஒத்துப்போக வேண்டும். அம்பியர் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. டைப் சி சார்ஜரில் இந்த வோல்ட் கவலை இல்லை, சார்ஜரும் லப்டொப்பும் தங்களுக்குள் பேசி முடிவெடுக்கும்.

உலோக உடல் கொண்ட லப்டொப்பைத் தொட்டால் விரல் கூசுகிறதா? சார்ஜரின் உள்ளே இருக்கும் வடிகட்டிப் பாகத்தால் கசியும் மிகச் சிறிய மின்சாரம் அது. ஏர்த் இருந்தால் மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் உங்கள் விரலால் போகும். கூச்சத்தோடு நின்றால் பயப்படத் தேவையில்லை, ஆனால் உங்கள் பிளக்கில் ஏர்த் இல்லை என்று அது சொல்கிறது. பழைய வீடுகளில் ஏர்த் வயர் அறுந்து கிடப்பது சாதாரணம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட இதுவே போதுமான காரணம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். டச்பாட் மேலே தள்ளிக்கொண்டு வந்தாலோ, அடிப்பக்கம் வயிறு வைத்தாலோ, பற்றரி வீங்கிவிட்டது. சார்ஜ் போடாதீர்கள், அமத்தாதீர்கள், குத்தாதீர்கள். அதோடு பயணமும் வேண்டாம்.

பென் டிரைவும் பாமினியும்

போட்டோக்கொப்பிக் கடைக்குப் பென் டிரைவோடு போய் வந்தால் எல்லா ஃபோல்டரும் ஷோர்ட்கட் ஆகிவிடுகிற கதை இன்னும் முடியவில்லை. கோப்புகள் அழியவில்லை, வைரஸ் அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் பொய் ஷோர்ட்கட்டை வைத்திருக்கிறது. அந்த ஷோர்ட்கட்டைத் திறந்தால் வைரஸ் உங்கள் கணினிக்குள் வரும். எதையும் திறக்காமல், பென் டிரைவின் மேல் வலது பொத்தானை அமத்தி விண்டோஸ் டிஃபென்டரால் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஃபோல்டர் ஒப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டு என்பதைப் போட்டு, 'பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறை' என்பதன் சரி அடையாளத்தையும் எடுங்கள். இந்த இரண்டாவதைச் செய்யாமல்தான் பலர் எல்லாம் போய்விட்டதென்று பென் டிரைவை அழித்துவிடுகிறார்கள். கோப்புகளை வெளியே எடுத்த பிறகு ஃபோர்மட் பண்ணலாம். கடைக்குக் கொண்டு போக மலிவான ஒன்றைத் தனியே வைத்திருங்கள்.

அடுத்தது எங்கள் ஊருக்கே உரிய தலைவலி. வினாத்தாளைப் பாமினியில் அடித்து, கொழும்பில் ஒருவருக்கு அனுப்ப, அவர் திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூத்து வந்து நிற்கும். பாமினி ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. கணினியின் நினைவில் இருப்பது ஆங்கில எழுத்துதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட்டில் அப்படி இல்லை, 'அ' என்றால் எந்தக் கணினியிலும் 'அ'தான்.

வழி இரண்டு. அவசரம் என்றால் பிடிஎஃப் ஆகச் சேமித்து அனுப்புங்கள், எழுத்துரு கோப்போடு சேர்ந்தே போகும். நிரந்தரத் தீர்வு யூனிகோட்டுக்கு மாறுவது. பழைய கோப்புகளை மாற்ற இணையத்தில் இலவச மாற்றிகள் கிடைக்கும். மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள், இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் அது தமிழென்று நினைத்து உருட்டிவிடும். "விரல் பாமினிக்குப் பழகிவிட்டது" என்பவர்கள் கவலைப்பட வேண்டாம். இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்றவற்றில் பாமினி விசைப்பலகையிலேயே அடித்து யூனிகோட்டைப் பெறலாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்குத் தமிழ் 99 விசைப்பலகை. அது விண்டோஸ் 11க்குள்ளேயே இருக்கிறது.

சின்னச் சின்னவை

திரை கறுப்பாக நின்று, விசிறி மட்டும் ஓடினால் விண்டோஸ் விசை, கொன்ட்ரோல், ஷிப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். திரையை இயக்கும் மென்பொருள் மீண்டும் தொடங்கும். சரிவராவிட்டால் பவர் பொத்தானைப் பதினைந்து நொடி அழுத்தி நிறுத்திப் போடுங்கள்.

இணையம் இருக்கிறது, ஆனால் எந்தத் தளமும் "பாதுகாப்பில்லை" என்று திறக்க மறுத்தால், மூலையில் திகதியைப் பாருங்கள். பழைய மேசைக் கணினிகளில் தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு அளவு பற்றரி தீர்ந்தால் திகதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடங்கும் திகதி, முடியும் திகதி உண்டு. கணினி தவறான வருடத்தில் நின்றுகொண்டு அதைச் சரிபார்த்தால் எப்படிப் பொருந்தும்? சில்லறைக் காசுக்கு ஒரு பற்றரி, ஐந்து நிமிட வேலை.

போனின் ஹொட்ஸ்பொட்டில் இணைத்த அரை மணித்தியாலத்தில் டேட்டா முடிந்துபோகிறவர்கள் வைஃபை செற்றிங்ஸுக்குப் போய் அந்த இணைப்பை 'மீட்டர்ட்' என்று குறியுங்கள். பெரிய அப்டேட்டுகளை விண்டோஸ் இழுக்காமல் பொறுத்துக்கொள்ளும்.

கடைக்குப் போக முன்

ரீச்சரின் வேலை என்ன? வேர்ட், பவர்பொயின்ட், புள்ளிகள் போட எக்ஸல், இடைக்கிடை சூம், வகுப்பில் புரொஜெக்டர். இதற்குப் பெரிய புரொசசர் தேவையில்லை. காணொளி வெட்டுகிறவர், கட்டட வரைபடம் வரைகிறவர் கணக்கு வேறு. ஆனால் பயணம் செய்கிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேரின் வேலை ரீச்சரின் வேலைதான். ஆகவே என் தராசில் முதலில் ஏறுவது சார்ஜர்.

டைப் சி வழியாகச் சார்ஜ் ஏறும் லப்டொப் மட்டுமே பாருங்கள். டைப் சி துவாரம் இருந்தால் மட்டும் போதாது. சிலவற்றில் அது தகவலுக்கு மட்டும், சார்ஜ் ஏறாது. கடையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அப்படியான லப்டொப்புக்கு 65 வாட் சார்ஜர் ஒன்று போனுக்கும் லப்டொப்புக்கும் போதும். தொலைந்தாலும் பழுதானாலும் எந்த ஊரிலும் இன்னொன்று வாங்கலாம். அந்தந்தக் கம்பனிக்கே உரிய முனை கொண்ட சார்ஜரை ஒருமுறை அனுராதபுரத்தில் பஸ் நின்ற இடத்தில் தேடி அலைந்தவன் சொல்கிறேன். பவர் பாங்கும் உதவும்: 20,000 எம்ஏஎச் என்பது 3.7 வோல்ட்டால் பெருக்க 74 வாட்-மணி (பற்றரி சேர்த்து வைக்கும் மின்சாரத்தின் அளவு). இழப்புப் போக, சாதாரண லப்டொப்பை ஒருமுறை நிரப்பலாம். 45 வாட்டாவது வெளியே தரக்கூடியதா என்று பாருங்கள்.

அடுத்தது பாரம். 14 அங்குலத்தில் 1.3 முதல் 1.5 கிலோ என்பது தோளுக்கு இதம். 15.6 அங்குலம் என்றால் பெரும்பாலும் 1.7 கிலோவும் அதற்கு மேலும், பஸ் சீற்றில் முன்னாலிருப்பவர் சாய்ந்தால் திரையை விரிக்கவும் முடியாது.

பற்றரிக்கு "12 மணி" என்று பெட்டியில் போட்டிருப்பதை விடுங்கள், அது மங்கலான வெளிச்சத்தில் அளந்தது. வாட்-மணியைப் பாருங்கள். 50 வாட்-மணி பற்றரி, எழுதும் வேலைக்கு 7 வாட் அளவில் இழுத்தால் ஏழு மணித்தியாலம் வரும். சூமில் இருந்தால் அதில் பாதிதான்.

திரை முழு எச்டி, ஐபிஎஸ் (பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத வகை), வெளிச்சம் 300 நிற்ஸுக்கு (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) குறையாமல். மலிவான பலவற்றில் 250 அல்லது அதற்கும் குறைவு. விறாந்தையில் இருந்து வேலை செய்தால் உங்கள் முகம்தான் தெரியும்.

ரேம் 16 ஜிபி எடுங்கள். 8 ஜிபி வாங்குவதென்றால் பிறகு கூட்டலாமா என்று கேளுங்கள், மெல்லிய லப்டொப்புகளில் ரேமைத் தாய்ப்பலகையோடு ஒட்டிவிடுகிறார்கள். எஸ்எஸ்டி 256 ஜிபியாவது. 64 ஜிபி இஎம்எம்சி (எஸ்எஸ்டியைவிட மெதுவான மலிவுச் சேமிப்பகம்) என்று எழுதியிருந்தால், என்ன மலிவானாலும் வைத்துவிட்டு வாருங்கள். விண்டோஸின் ஓர் அப்டேட்டுக்கே அதில் இடம் போதாமல் போகும்.

புரொசசரைக் கடைசியில் வைத்தேன், ஆனால் ஒரு பொறி உண்டு. பெயரில் பெரிய எண் என்றால் புதியது என்று அர்த்தமில்லை. ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள்: 7520 இல் அது 2, அதாவது பழைய சென் 2 வடிவமைப்பு, 7530 சென் 3, 7540 சென் 4. கடைக்காரர் மூன்றையும் "7000 சீரிஸ்" என்றே சொல்வார். இன்டெல்லில் எண்ணின் கடைசியில் யூ என்று வந்தால் மின்சாரம் குறைவாக இழுப்பது, பயணத்துக்கு ஏற்றது. எச் என்றால் வேகமும் சூடும் சார்ஜர்ப் பாரமும்.

இரண்டாம் கையும் வெளிநாட்டு அன்பளிப்பும்

என் சொந்தத் தெரிவு, வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட திங்க்பாட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகள். அதே விலையில் வரும் புதிய மலிவு லப்டொப்பைவிட உடலும் விசைப்பலகையும் உறுதி, உதிரிப்பாகமும் கிடைக்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. கடையிலேயே கொமாண்ட் ப்ரொம்ப்டைத் திறந்து, ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி மூன்றையும் ஒட்டி அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று ஒரே சொல்லாக அடியுங்கள். ஓர் அறிக்கை உருவாகும். அதில் தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்பும் கொள்ளளவும் இருக்கும். 50,000க்கு 40,000 என்றால் எண்பது வீதம், பரவாயில்லை. 25,000 என்றால் புதிய பற்றரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

வெறும் வேர்ட் பக்கத்தில் எல்லா எழுத்தையும் ஒருமுறை அடியுங்கள். திரையை மெதுவாகத் திறந்து மூடிக் கீலைப் பாருங்கள். எல்லாத் துவாரத்திலும் பென் டிரைவைக் குத்துங்கள். கமெராவைத் திறவுங்கள். பயோஸுக்குள் (விண்டோஸுக்கு முன் எழும்பும் அடிப்படை செற்றிங்ஸ்) போக முடிகிறதா, பாஸ்வேர்ட் கேட்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, விண்டோஸை முதலிலிருந்து நிறுவி இணையத்தோடு இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். அப்போது முன்பின் தெரியாத கம்பனியொன்றின் பெயரோடு வரவேற்புத் திரை வந்தால், அந்த இயந்திரம் அவர்களுடைய பதிவிலிருந்து இன்னும் விடுபடவில்லை. இன்றைக்கு ஓடினாலும், அடுத்தமுறை விண்டோஸ் போடும்போது பூட்டிக்கொள்ளும்.

பாரிசில் சித்தப்பா, சூரிச்சில் மச்சாள் என்று எல்லோருக்கும் ஒருவர் இருக்கிறார். அங்கிருந்து வரும் லப்டொப் நல்லதுதான், விசைப்பலகையைக் கேட்டு வாங்குங்கள். பிரான்சில் விற்பதில் மேல் வரிசை ஏ, இஸட் என்று தொடங்கும். சுவிஸ், ஜேர்மனியில் ஒய்யும் இஸட்டும் இடம் மாறியிருக்கும். லண்டனில் இருந்து வருவதில் மின்னஞ்சலுக்குப் போடும் அட் குறியும் இரட்டை மேற்கோளும் மாறியிருக்கும். விண்டோஸில் அமெரிக்க விசைப்பலகை என்று மாற்றிவிடலாம். ஆனால் விசையின் மேல் அச்சடித்தது அப்படியே இருக்கும், பார்த்து அடிக்கிறவர்கள் திண்டாடுவார்கள். சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருந்தால் கனடாச் சார்ஜரும் எங்கள் 230 வோல்ட்டில் ஓடும், பிளக் முனை மட்டும் மாற வேண்டும். வொறண்டி இலங்கையில் செல்லுமா என்பதை வாங்க முன்னரே கேட்கச் சொல்லுங்கள்.

இங்கே புதிதாக வாங்கினாலும் அதே கேள்விதான்: வொறண்டி கடையினதா, கம்பனியினதா? பழுதானால் யாழ்ப்பாணத்திலேயே பார்ப்பார்களா, கொழும்புக்கு அனுப்புவார்களா, அனுப்பும் செலவு யாருடையது? பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விலை கொஞ்சம் இறங்கலாம். ஆனால் 400 கிலோமீற்றர் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கும் செலவையும் இரண்டு நாள் அலைச்சலையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

புறப்படும் முதல்நாள்

அப்டேட் இருந்தால் முதல்நாளே போட்டு முடியுங்கள். பஸ் ஏறும் நேரத்தில் "நிறுத்த வேண்டாம், 12 சதவீதம்" என்று திரை நின்றால் பைக்குள் வைக்கவும் முடியாது, விட்டுப் போகவும் முடியாது.

விண்டோஸ் 11 உள்ள புதிய இயந்திரங்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பிட்லொக்கர் என்ற விண்டோஸின் பாதுகாப்புப் பூட்டால் பூட்டப்பட்டிருக்கும். நீங்கள் அறியவே மாட்டீர்கள். தாய்ப்பலகை மாற்றினாலோ சில பயோஸ் மாற்றங்களாலோ ஒருநாள் திடீரென 48 இலக்கத் திறவுகோலைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். இப்போதே உள்ளே போய் எடுத்து, தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். லப்டொப் பைக்குள் வேண்டாம். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டே நினைவில்லாதவர்களுக்கு இன்றைக்கு அதுதான் முதல் வேலை.

கோப்புகளின் பிரதி ஒன்று வெளி டிஸ்க்கில் வீட்டிலும், மிக முக்கியமானவை கிளவுட்டிலும் இருக்கட்டும். தீவில் சிக்னல் எப்போதும் கைகொடுக்காது, வேண்டியதை லப்டொப்பிலேயே இறக்கி வையுங்கள்.

மூடியைச் சாத்திவிட்டால் லப்டொப் தூங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். இப்போதைய லப்டொப்புகள் தூக்கத்திலும் இணையத்தைத் தேடும், அப்டேட்டுக்கு எழும்பும். பைக்குள் எழும்பினால் காற்றில்லாமல் வேகும். இரவு பஸ்ஸில் ஏறி, விடியக் கொழும்புக் கோட்டையில் இறங்கியபோது என் பை இட்லிச் சட்டிபோலச் சூடாக இருந்தது, பற்றரி பூச்சியம். அன்றிலிருந்து மூடியைச் சாத்தினால் ஹைபர்னேட் (திறந்திருப்பதை டிஸ்க்கில் சேமித்துவிட்டு முழுதாக நிற்பது) ஆகும்படி செற்றிங்ஸில் மாற்றிவிட்டேன்.

பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமான பிறகு, சென்னைக்குப் போகிறவர்களும் கேட்கிறார்கள். பவர் பாங்கும் உதிரிப் பற்றரியும் கைப்பையில்தான் போக வேண்டும், சூட்கேசில் போட்டால் எடுக்கச் சொல்வார்கள். 100 வாட்-மணி வரை கேள்வியில்லை, 100 முதல் 160 வரை விமானக் கம்பனியின் அனுமதி வேண்டும். எங்கள் 13 அம்பியர் சதுர முள் பிளக் இந்திய வட்டத் துவாரத்துக்குள் போகாது. மாற்றி ஒன்றை இங்கேயே வாங்கிப் போடுங்கள்.

படகுக்கு: லப்டொப்பை உறையில் போட்டு, உறையைத் தடித்த பொலித்தீன் பையில் போட்டு, வாயை முறுக்கிக் கட்டி, அதைத்தான் தோள் பைக்குள் வைக்க வேண்டும். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியால அளவில் ஓடும் படகு. வாடைக் காலத்தில் அலை உள்ளே தெறிக்கும். பையைத் தரையில் வைக்காமல் மடியில் வையுங்கள்.

ரீச்சர் கடைசியில் வாங்கியது இரண்டாம் கை 14 அங்குல லப்டொப், 1.4 கிலோ, 16 ஜிபி ரேம், டைப் சி சார்ஜ், பற்றரி எண்பத்தி நாலு வீதம். பழையது எஸ்எஸ்டியோடு மகனின் மேசையில். முதல் செவ்வாய்க்கிழமை காலை தீவிலிருந்து அழைப்பு வந்தது.

"தம்பி, எல்லாம் நல்லா வேலை செய்யுது. புரொஜெக்டரில மட்டும் படம் வருதில்லை."

விண்டோஸ் விசையோடு பி அழுத்தி டூப்ளிகேட் தெரிவு செய்யச் சொன்னேன். வரவில்லை. புரொஜெக்டரின் வயர் எப்படி இருக்கிறதென்று கேட்டேன். நீல நிற முனை, இரண்டு பக்கமும் திருகாணி, நடுவில் நிறைய முள்ளு என்றார். பழைய விஜிஏ. புதிய லப்டொப்பில் இருப்பது எச்டிஎம்ஐ. இடையில் போட ஒரு மாற்றி வேண்டும் என்று வாங்கிய அன்றே சொல்லி, அதே கடையில் எடுத்தும் கொடுத்திருந்தேனே?

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அது தம்பி... கொக்குவிலிலை ரிவி மேசைக்கு மேலை கிடக்கு."